எந்த முனையை வெட்டட்டும்?

அன்புள்ள பெரிசு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் 11 மாதம் ஓட்டிவிட்டேன். மன்னித்துவிடு, சாக்குச் சொல்ல மாட்டேன். முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? சின்னவளுக்கு வேலை கிடைத்ததைப் பாகவதர் சொன்னார். அவளிடம் என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லாரும் நலம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அதற்கு முன்னால் உன் கேமரா கதையைச் சொல்லியாகவேண்டும்.

வீடு மாறும்போது "வச்சுக்கோ, எனக்கு இனி தேவைப்படாது" என்று பையோடு என் கையில் திணித்துவிட்டுப் போனாயே, அது இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தது. போன மழைக்காலத்தில் ஒருநாள் எடுத்துத் துடைத்து, ஷட்டரை ஒருமுறை தட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் மலைப்பாதை அப்படியே கண்முன் வந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, நீ மட்டும் பாறைமேல் குப்புறப் படுத்திருப்பாய், அப்புறம் அந்தச் சத்தம் வரும். அந்த வாரமே கறுப்பு வெள்ளை ஃபிலிம் வாங்கினேன். அன்றிலிருந்து மாதம் இரண்டு தடவையாவது நம்ம மலைக்குப் போகிறேன்.

கேமராவின் ஒளிமானி செத்துவிட்டது, உனக்குத் தெரியுமா? எனக்குத் துணையாக இருந்தது உன் மந்திரம்தான். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வருவாயே, "வெயிலுக்குப் பதினாறு, மேகத்துக்குப் பதினொன்று, மூட்டத்துக்கு எட்டு". அதெல்லாம் லென்ஸ் துளைக்கான எண்கள். ஷட்டர் வேகம் ஃபிலிமின் வேக எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். 100 ஃபிலிமுக்கு 1/125 வினாடி. அப்போது அதைக் கேட்டு நாங்கள் உன்னைப் படுத்தாத பாடில்லை. முதல் ரோலில் வெயிலில் எடுத்த படங்கள் எல்லாமே அந்த மந்திரத்தால் சரியாக வந்திருந்தன. படுத்தியதற்கெல்லாம் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வராமல் போனது பனிமூட்டம். விடியற்காலையில் பள்ளத்தாக்கு முழுக்க வெண்பனி ததும்பி நின்றது. மந்திரத்தில் பனிக்கு எண் இல்லையே என்று கைபேசியில் ஒளி அளக்கும் செயலியைப் பார்த்து எடுத்தேன். வந்ததோ சாம்பல். சாக்குத்துணியை விரித்துப் போட்டதுபோல் ஒரு பள்ளத்தாக்கு. எனக்குத் தாங்கவில்லை. எங்கே பிசகியது என்று வீட்டில் உட்கார்ந்து தேடினேன்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, செயலி சொன்னபடியே ஒரு படம் எடுத்தேன். அதே இடத்தில் கறுப்புக் குடையை விரித்து, அதற்குச் செயலி சொன்னபடி இன்னொரு படம். இரண்டும் கழுவி வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். துண்டும் சாம்பல், குடையும் சாம்பல்! எது துண்டு, எது குடை என்று மடிப்பை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. ஒளிமானிக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதிரே இருப்பது விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே அது நம்புகிறது, அதற்கேற்ற கணக்கைச் சொல்கிறது. பனி வெள்ளையாக வரவேண்டுமானால் அது சொல்வதைவிட ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக நான் திறக்கவேண்டும், ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு ஒளி. கறுப்புப் பாறைக்கு மாறாகக் குறைக்கவேண்டும். இயந்திரம் அளந்து சொல்லும். இது பனி, இது பாறை என்று முடிவு செய்யவேண்டியது நான். இது நீ எங்களுக்குச் சொன்னதுதானா? சொல்லியிருப்பாய். நான் காது கொடுத்திருக்க மாட்டேன்.

அதற்கப்புறம் இதுவே பழக்கமாகிவிட்டது. மலையில் கேள்வி எழும், விடையை வீட்டில் தேடுவேன். அருவி ஏன் ஒரு படத்தில் கண்ணாடித் துண்டுகளாகவும் இன்னொன்றில் பாலாகவும் வருகிறது என்று குளியலறைக் குழாயைத் திறந்துவைத்து ஒவ்வொரு வேகமாக எடுத்தேன். 1/500-இல் துளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கின்றன, 1/60-இல் கயிறாகின்றன, கால் வினாடியில் ஒரே பட்டு. எந்தப் படத்துக்கு எந்த எண் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன். மலையிலும் அந்த நோட்டு சட்டைப்பையில் இருக்கிறது.

வானமும் என்னைப் படுத்தியது. கண்ணுக்கு அத்தனை நீலமாக இருந்தது படத்தில் வெளிறிப்போய் வந்தது. உன் பையில் இருந்த சிவப்பு ஃபில்டர் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. நீலத்தைத் தடுத்துவிடுகிறது, வானம் இருண்டு மேகம் எழும்பி நிற்கிறது. ஆன்செல் ஆடம்ஸ் 1927-இல் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையின் எதிரே நின்றபோது அவரிடம் மீதமிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்றை எடுத்தார். தான் மனதில் கண்ட பாறை அதில் வராது என்று தோன்றியதும் கடைசித் தகட்டைச் சிவப்பு ஃபில்டரோடு எடுத்தார். அப்போது அவருக்கு 25 வயது. அத்தனை உயரம் ஏறி, கடைசி ஒற்றைத் தகட்டை எதற்குச் செலவழிப்பது என்று நிற்கும் அந்த நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். ஏன் என்பது கீழே படித்தால் தெரியும்.

இதற்கிடையில் ஒரு கொடுமை. வெளியே கழுவக் கொடுத்த ஒரு ரோல் மூன்று வாரம் கழித்து நெடுக்கக் கீறலோடு வந்தது. 36 படத்திலும் மின்கம்பி போட்டதுபோல் ஒரு கோடு. கேட்டால் கேமராவில்தான் குறை என்றார்கள். உன் கேமராவையா சொல்வது? அடுத்த ரோலை அதே கேமராவில் போட்டு நானே கழுவினேன், ஒரு கீறல் இல்லை.

ஆமாம், நானேதான். குளியலறைக் கதவிடுக்கில் கம்பளியைச் செருகி, விளக்கணைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, எங்கிருந்தாவது ஒளி கசிகிறதா என்று பார்ப்பேன். பிரிண்ட் போடும் தாளுக்குச் சிவப்பு விளக்கு ஆகும். ஃபிலிமுக்கு அதுவும் ஆகாது, கும்மிருட்டு வேண்டும். அந்த இருட்டில் ஃபிலிமைச் சுருள்சட்டத்தில் ஏற்றப் பழகுவதுதான் இதில் பெரிய பாடம். வீணான ஒரு ரோலை வைத்துக்கொண்டு முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடி, பிறகு இருட்டில் என்று இருபது தடவை ஏற்றிப் பழகினேன். இப்போது ஃபிலிம் வழுக்கினால் விரல் சொல்லிவிடுகிறது.

படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் திரவம் 20 டிகிரியில் இருக்கவேண்டும். குழாய்த்தண்ணீர் அதைவிடச் சூடு, ஆகவே பாட்டில்களை ஐஸ் போட்ட தொட்டியில் நிறுத்துகிறேன். முதல் 30 வினாடி விடாமல் ஆட்டி, பிறகு நிமிடத்துக்குப் 10 வினாடி. காற்றுக்குமிழி ஒட்டாமலிருக்க டேங்க்கைத் தரையில் ஒரு தட்டு. அப்புறம் டெவலப்பரை நிறுத்த ஸ்டாப் பாத், படத்தை நிலைநிறுத்த ஃபிக்ஸர், கடைசியில் ஓடும் தண்ணீர். முதல் ரோலை ஈரத்தோடு பல்புக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது வானம் கறுப்பாகவும் மலை வெள்ளையாகவும் வரிசையாகத் தொங்கின. பனிப் பள்ளத்தாக்கு அடர்கறுப்பாக இருந்தது. நெகடிவில் கறுப்பென்றால் படத்தில் வெள்ளை. ஒன்றரை ஸ்டாப்! நடுராத்திரி. எழுப்பிச் சொல்ல ஆளில்லாமல் உன்னை நினைத்துக்கொண்டேன்.

இனிதான் விஷயம்.

போன மாதம் நெட்டை என்னோடு மலைக்கு வந்தான். கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, படி. அவனாகத்தான் கேட்டு வந்தான். டிரைபாடை நானே தூக்குகிறேன் என்று வாங்கிக்கொண்டான். மூன்றாவது வளைவு, அந்த நாவல் மரத்தடி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே உட்கார்ந்து கேமராவைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அன்னைக்கு அவன் எடுத்தானே, அந்தப் படமெல்லாம் என்ன ஆச்சு?" எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான், அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மறுவாரம் பையைக் கவிழ்த்துத் துடைத்தேன். உள்பையின் அடியில், தையல் விட்ட துணிக்குப் பின்னால் ஒரு டப்பா. உள்ளே ரோல். ஃபிலிமின் நாக்கு வெளியே இல்லை, முழுக்க உள்ளே சுற்றியிருந்தது. எடுத்து முடித்த ரோல். மூடியில் உன் கையெழுத்தில் ஒரே வார்த்தை: உச்சி.

நாம் நான்கு பேரும் கடைசியாக உச்சிக்குப் போய் 14 வருடம் ஆகிறது. அதற்கப்புறம் நீயும் நெட்டையும் பேசியதில்லை. பாகவதரும் நானும் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்வந்தே இத்தனை வருடத்தைக் கழித்தோம். அன்று நடந்ததைப் பற்றி நான் உன்னிடம் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ரோலைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

அதில் படம் இருக்கிறது, பெரிசு. ஒளி பட்ட இடத்தில் வெள்ளி உப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடம் விழுகிறது. டெவலப்பர் படும்வரை அது அப்படியே காத்திருக்கிறது, ஆனால் காத்திருக்கும்போதே மெல்ல மங்குகிறது. வெப்பம் அதைச் சீக்கிரம் தின்னும். நல்லவேளை, இது கறுப்பு வெள்ளை, அதுவும் 100 ஃபிலிம்; வேகம் கூடியவைதான் விரைவில் புகைமூட்டமாகும். காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன்.

14 வருடம் அதிகமா என்று நீ கேட்பாய். 1897-இல் ஆந்த்ரே என்பவர் தலைமையில் மூன்று ஸ்வீடன்காரர்கள் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பினார்கள். பலூன் பனிமேல் இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் நடந்தார்கள், மூவரும் திரும்பவில்லை. 33 வருடம் கழித்து, 1930-இல், ஒரு பனித்தீவில் அவர்களுடைய உடல்களும் ஃபிலிம்களும் கிடைத்தன. ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் ஸ்டாக்ஹோமில் அவற்றைக் கழுவி 93 படங்களை மீட்டார். பனியில் சாய்ந்து கிடக்கும் பலூனை இரண்டு பேர் நின்று பார்க்கும் படம் அவற்றில் ஒன்று. அவை பனிக்குள் உறைந்து கிடந்தன, உன் ரோல் 14 கோடைகளைப் பைக்குள் கழித்திருக்கிறது, அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் வரும் என்று நம்புகிறேன்.

கழுவ எனக்குத் தைரியம் இருக்கிறது, ஆனால் கண்ணைமூடிக்கொண்டு கழுவ முடியாது. இத்தனை பழைய ரோலை எத்தனை நிமிடம் டெவலப் செய்வது என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. ஒரு முனையில் கொஞ்சம் வெட்டி, அதை மட்டும் கழுவிப் பார்த்து, மீதிக்கு நேரத்தை முடிவு செய்யவேண்டும். ஒரு படத்துக்கு 38 மில்லிமீட்டர். சோதனைக்கு மூன்று படமாவது போய்விடும். வெட்டு விழும் இடத்தில் நான்காவதும் போகலாம்.

நாக்கு இருக்கும் முனையில் வெட்டினால் முதல் படங்கள் போகும். அடிவாரம். நெட்டை தலைகீழாக நின்றது, பாகவதரின் தொப்பி, நாம் நால்வரும் யாரிடமோ கேமராவைக் கொடுத்து எடுத்துக்கொண்டது, எல்லாம் அங்கேதான் இருக்கவேண்டும். உள்முனையில், அச்சோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் வெட்டினால் கடைசிப் படங்கள் போகும். உச்சியில் நீ என்ன எடுத்தாய் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். நெட்டை இறங்கிப் போனபிறகும் நீ மேலே அரைமணிநேரம் இருந்தாய். ஷட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எதை விடலாம் என்று நான் எப்படி முடிவு செய்வேன்? எடுத்தவன் நீ. எந்த முனை என்று எழுது. கழுவவே வேண்டாம் என்றால் அதையும் எழுது. அப்படியே குளிர்பெட்டியில் இருக்கட்டும், நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் கேட்டுக்கொள்வேன்.

ரோல் கிடைத்ததை நெட்டையிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் கேட்காமல் சொல்வது சரியில்லை என்று பட்டது. இறங்கி வரும்போது அவன் கேட்ட இன்னொன்றை மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். டிரைபாடைத் தோள் மாற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அதுல நான் இருக்கேனா?"

நேரில் வர முடியுமானால் வா. முழங்காலுக்கு மலை ஆகாது என்றால் வேண்டாம், குளியலறைக்குப் படியே இல்லை. நான் ஏற்றித் தருகிறேன், டெவலப்பரை நீ ஊற்று. மூன்று பேர் நிற்கலாம். நெட்டை மட்டும் குனிந்து நிற்கவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய சுமைதூக்கி

பின்குறிப்பு: ஷட்டர் பொத்தானில் திருகும் கேபிள் பையில் இல்லை. உன்னிடம் இருந்தால் கடிதத்தோடு அனுப்பு. நீ 1/15-இல் கையால் எடுப்பாய், எனக்கு 1/60-க்குக் கீழே கை நிற்பதில்லை.