ஆபரேஷனுக்கு அட்டை உண்டு, டெஸ்ட்டுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழைத் தொழிலாளிக்கு இலவச இதய ஆபரேஷன் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. அப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறோம். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு வீக்கம் எல்லாம் வந்ததாம். கஷாயம் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது, முப்பத்தெட்டு வயதில் மூட்டை தூக்கும்போது மூச்சு முட்டிய பிறகுதான் தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் 2021-ல் வால்வு மாற்றினார்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை தரும் அந்தத் திட்டம் இல்லாவிட்டால் அவர் இன்று இல்லை. அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

வைத்தது உலோக வால்வு. ராத்திரி விளக்கை அணைத்தால் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க அசிட்ரோம் மாத்திரை போட வேண்டும். மாத்திரை விலை பெரிதில்லை. ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்ட்டை மாதா மாதம் பார்த்துத்தான் மாத்திரை அளவு சொல்வார்கள். அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. எங்கள் தினசரி காலண்டரில் ராசிபலனுக்கு மேலே 2, 2, 3 என்று மாத்திரைக் கணக்குதான் இருக்கும்.

அந்த டெஸ்ட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போகிறோம். இலவசமாக எடுக்கிற இடத்தில் ரிசல்ட் வருவதற்குள் ஓ.பி. முடிந்துவிடும், மறுநாளும் வரச் சொல்வார்கள். தனியார் லேப்பில் முந்நூறு ரூபாய். தனியாக அனுப்பப் பயம், நானும் கூடப் போவேன். பஸ், டிபன், இரண்டு பேர் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு வாரத்து அரிசி, பருப்பு போய்விடும்.

போன மழைக்காலத்தில் வேலை குறைந்தது. மூன்று மாதம் டெஸ்ட்டைத் தள்ளிப்போட்டோம். கடைசியில் மாத்திரையையும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார், என்னிடம் சொல்லாமல். ஒரு ராத்திரி படுத்திருக்கிறேன், ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. டிக் டிக் சத்தம் மங்கிப்போயிருந்தது. காதை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு அப்படியே ஜீப் பிடித்தோம். வால்வில் ரத்தக்கட்டி. கரைக்க ஊசி போட்டு ஆறு நாள் ஐ.சி.யு.வில் வைத்திருந்தார்கள். அந்தச் செலவு முழுவதும் அட்டையில் கழிந்தது. அதற்கு முந்தின மூன்று மாதம் மூன்று டெஸ்ட்டுக்கு எங்களிடம் தொள்ளாயிரம் ரூபாய் இல்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. அசிட்ரோமை அப்படிச் சும்மா கொடுக்க முடியாது, தெரியும். ஆனால் சுகர் பார்ப்பது போலவே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்க்கும் மெஷின் இருக்கிறது என்று லேப் தம்பியே சொன்னார். அதில் ஒன்றை மலைக்கு மேலே வைத்து, மாதம் ஒரு நாள் பார்த்து, போனில் டாக்டரிடம் அளவு கேட்டுச் சொன்னால் போதும். மருந்துச் சீட்டைப் பார்த்து அசிட்ரோமையும் அங்கேயே கொடுக்கலாம். எங்களைப் போல வால்வு மாற்றியவர்கள் இந்த மலையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், பஸ்ஸில் பார்த்துப் பேசிக்கொள்வோம்.

அடுத்த டெஸ்ட் வருகிற வியாழக்கிழமை. மேஸ்திரியிடம் லீவு சொல்லியாயிற்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு.