வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வட்டத்தின் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே பொருளைப் படிப்பது என்ற சென்ற பேரவையின் முடிவுப்படி, ராஜஸ்தானில் தார்ப் பாலைவனத்தின் ஒதுக்குப்புறக் கிராமங்களில் மக்களின் அன்றாட வாழ்க்கையை இவ்வாண்டு எடுத்துக்கொண்டோம். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு பாலைவனத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று முணுமுணுத்த உறுப்பினர்களே பிற்பாடு கூட்டந்தோறும் முன்வரிசையில் அமர்ந்தார்கள் என்பதைச் செயலாளர் சிறு மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறார். சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக வணிகம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த நம் உறுப்பினர் ஒருவர், பார்மர் மாவட்டத்திலுள்ள தம் பூர்வீக ஊரின் வழக்கங்களைச் சரளமான சென்னைத் தமிழில் விளக்கியது பெரும் உதவியாக இருந்தது.

கூட்டங்களில் அதிக நேரம் பிடித்தது தண்ணீர்தான். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாலைவன நகரான ஜெய்சல்மேரில் சுமார் 200 மில்லிமீட்டர்தான். அங்கே நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு என்பதால், பெய்த மழை அதனோடு கலப்பதற்குள் பிடித்துவைப்பதே குடும்பத்தின் முதல் வேலையாகிறது. வீட்டருகே தரையைச் சரிவாக மெழுகி, வழிந்துவரும் நீரை மூடிய நிலத்தடித் தொட்டியான ‘டாங்கா’வில் சேர்க்கிறார்கள். மணலுக்கடியில் ஜிப்சம் படிவு உள்ள ஊர்களில், கீழே இறங்க வழியின்றித் தங்கும் மழை ஈரத்தைப் ‘பேரி’ எனப்படும் குறுகிய கிணறுகளில் ஊறவைத்து இறைக்கிறார்கள். கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து குளித்து, கீழே வைத்த பாத்திரத்தில் விழும் நீரைக் கால்நடைக்குக் கொடுப்பதும், பாத்திரங்களை மணலாலும் சாம்பலாலும் துலக்குவதும் அங்கே நெடுநாளைய வழக்கம். தொலைவிலிருந்து குடம் சுமந்து வருவது பெரும்பாலும் பெண்களே என்பதை மகளிர் உறுப்பினர்கள் சுட்டிக்காட்டி, இதையெல்லாம் வெறும் சாமர்த்தியமென்று புகழ்ந்துவிட்டுப் போகக்கூடாது என்றனர். செயற்குழுவும் அதை ஏற்கிறது.

அதே ஜிப்சம் 2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டத்தின் கவாஸ் கிராமத்தில் வெள்ளநீரை வடியவிடாமல் வாரக்கணக்கில் தேக்கி வைத்தது. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த குடிநீரையும், 2015 டிசம்பர் வெள்ளத்தையும் கண்ட நமக்கு இதில் வியக்க எதுவுமில்லை. 2003இல் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளில் எத்தனை இன்று தூர்வாரப்பட்டிருக்கின்றன என்ற கேள்வியோடு அந்தக் கூட்டம் முடிந்தது.

உணவைப் பற்றிய கூட்டம் சுவையாகவே அமைந்தது. கம்பு ரொட்டி, கம்பு மாவை மோரில் காய்ச்சும் ‘ராப்’, மழைக்காலத்துக்கு முன் பறித்து உலர்த்திய ‘கேர்’ காய், ‘சாங்ரி’ நெற்று ஆகியவை அங்கே ஆண்டு முழுவதும் கைகொடுக்கின்றன. சாங்ரி காய்க்கும் ‘கேஜ்ரி’, விருத்தாசலம் கோயிலின் தலமரமான நம் வன்னியேதான். 1730இல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் இம்மரங்களை வெட்ட வந்தபோது, கேஜர்லி கிராமத்தில் அமிர்தா தேவி உட்பட, மரங்களையும் விலங்குகளையும் காப்பதைச் சமயநெறியாகக் கொண்ட பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களுக்காக உயிர் கொடுத்தனர். வன்னிக்கு உறவான சீமைக் கருவேலம் இரண்டு மாநிலங்களையும் ஒருசேர வருத்துவதைப் பற்றி நடந்த விவாதம் நீண்டுகொண்டே போனதால், தலைவர் தலையிட்டு முடிக்க வேண்டியதாயிற்று.

செயலாளரின் கருத்தில் ஆண்டின் முக்கியமான கூட்டம் மேய்ச்சல் நிலத்தைப் பற்றியது. தெய்வத்தின் பெயரால் கோடரி படாமல் காக்கப்படும் ‘ஓரண்’ காடுகளை நம்பியே ஒட்டகமும் ஆடும் மாடும் பிழைக்கின்றன. இவற்றில் பல, வருவாய்த்துறை ஏடுகளில் தரிசாகவே பதிவாகியிருப்பதால், சூரிய மின் நிலையங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் எளிதில் கைமாறுகின்றன. ஓரண்களை அளந்து வனமாக அறிவிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. நம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் நெடுங்காலம் தரிசாகவே எழுதப்பட்டு, ஒரு பகுதி குப்பைக் கிடங்காகி, 2022இல்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. நிலத்தில் வாழ்பவர்களைக் கேட்காமல் எழுதப்படும் ஏடு எங்கும் ஒரே மாதிரியான கேட்டைத்தான் செய்கிறது. மின்சாரம் வேண்டாமா என்று எதிர்வாதம் செய்த இளம் உறுப்பினர்களின் கேள்வியும் நியாயமானதே. அதற்கு வட்டம் இன்னும் விடை காணவில்லை.

அந்தப் பாலைவனத்துக்கு நீர் கொண்டுவரும் இந்திரா காந்தி கால்வாய் பற்றிய கூட்டம் மழையால் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் நடைபெறவேயில்லை. அதைப் புதிய செயற்குழு முதல் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் எனப் பரிந்துரைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்