மழைக்காலத்துக்கு முன் குடிநீர்த் தொட்டி, குழாய், கொசு ஒழிப்புப் பணிகளை முடித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் குடிநீர்ப் பரிசோதனைப் பயிற்சி பெற்ற மகளிர் குழுவினர்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) மற்றும் தனி அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
திருவாரூர் மாவட்டம்.

பொருள்: வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டெங்கு ஆகியவை பரவாமல் தடுக்க ஊராட்சி அளவிலேயே செய்யக்கூடிய பணிகள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். 2025 ஜனவரி 5ஆம் தேதியுடன் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு ஊராட்சியின் பொறுப்பு முழுவதும் தங்களிடம் உள்ளது. காய்ச்சல் பரவிய பிறகு மருத்துவ முகாம் போடுவது சுகாதாரத் துறையின் வேலை. காய்ச்சல் வராமல் தடுக்கும் தொட்டியும் குழாயும் வாய்க்காலும் ஊராட்சியின் கையில்தான் இருக்கின்றன. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கீழ்க்கண்டவற்றைச் செய்துதர வேண்டுகிறோம்.

முதலில் குளோரின். எங்கள் ஊராட்சியில் தலா 30,000 லிட்டர் கொள்ளளவுள்ள மூன்று மேல்நிலைத் தொட்டிகள் உள்ளன. 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் ஒரு முறை நிரப்பும்போது ஒரு தொட்டிக்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடர் வேண்டும். நாளுக்கு இருமுறை நிரப்பினால் மூன்று தொட்டிக்கும் சேர்த்து 720 கிராம், மாதத்துக்கு ஏறக்குறைய 22 கிலோ ஆகிறது. அதாவது மாதம் ஒரு 25 கிலோ மூட்டை. இந்தக் கணக்கு புதுத் தூளுக்கு மட்டுமே பொருந்தும். நல்ல தூளில் குளோரின் 33 விழுக்காடு இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கி, பம்பு அறையின் ஈரத் தரையில் வாய் திறந்து வைத்த மூட்டையில் அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். கட்டிதட்டிப்போய், மூக்கில் ஏறும் நெடி இல்லாமல் இருக்கும் தூளை எத்தனை கிராம் கொட்டினாலும் சுண்ணாம்பைக் கொட்டியதாகவே முடியும். ஆகவே மாதாமாதம் வாங்கவும், மூடியுள்ள பிளாஸ்டிக் ட்ரம்மில் போட்டுப் பலகை மேல் வைக்கவும் ஆணையிட வேண்டும். தொட்டி ஆபரேட்டரிடம் தராசு இல்லை. கைப்பிடிக் கணக்கில்தான் போடுகிறார். 120 கிராமுக்குக் கோடு போட்ட ஒரு மக் கொடுத்தாலே போதும்.

போடும் முறையும் முக்கியம். தூளை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும், குளோரினும் சீராகக் கலக்காது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையக் கரைத்து, தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டி பாதி நிரம்பும்போது ஊற்ற வேண்டும். ஏறிவரும் தண்ணீரே அதைக் கலக்கிவிடும். நிரம்பியபின் அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கிருமி சாவதற்கு அந்த அரை மணி நேரம் தேவை. காலை ஐந்தரைக்குத் தண்ணீர் விடவேண்டும் என்ற அவசரத்தில் இன்று விட்டுப்போவது அதுதான்.

இன்னொரு சிக்கல் கிழக்குத் தெருத் தொட்டியில் உள்ளது. அதற்கு வரும் போர்வெல் தண்ணீரில் இரும்பு அதிகம். குளோரின் பட்டதும் கரைந்திருக்கும் இரும்பு துருவாகப் பிரிந்து தண்ணீர் செம்மஞ்சளாகிறது. "மருந்தை அதிகமாகப் போட்டுவிட்டான்" என்று மக்கள் சத்தம் போட, ஆபரேட்டர் மறுநாளே தூளை நிறுத்திவிடுகிறார். உண்மை நேர்மாறானது: போட்ட குளோரினை இரும்பே பிடித்துக்கொள்வதால் கிருமியைக் கொல்ல மிச்சம் இருப்பதில்லை. அந்தத் தொட்டிக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரை முன்னுரிமையாகத் திருப்பிவிட வேண்டும். அதுவரை பரிசோதித்துப் பார்த்துத் தூளின் அளவைக் கூட்ட வேண்டும்.

பரிசோதனையைத் தொட்டிக்கு அடியில் நின்று செய்வதில் பயனில்லை. மிஞ்சியிருக்கும் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் கருவியின் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டதும் மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் கடைசித் தெருவின் கடைசிக் குழாய். அங்கே 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரினாவது மிஞ்ச வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் ஊரில் கடைக்கோடியில் இருப்பது ஆதிதிராவிடர் குடியிருப்பு. தொட்டிக்கு அடியில் மட்டும் சோதித்துப் பதிவேட்டில் "சரி" என்று எழுதும்போது அந்த மக்கள் குடிக்கும் தண்ணீர் கணக்கிலேயே வராமல் போகிறது.

தொட்டியை மாதம் இருமுறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கழுவி, தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். எங்கள் தொட்டிகளில் தேதி மட்டும் மாறுகிறது. அடிச்சேற்றைக் கழிவு வால்வு வழியாக முழுவதும் வெளியேற்றி, சுவரைத் தேய்த்து, கழுவிய தண்ணீரையும் வடித்துவிட்ட பிறகே நிரப்ப வேண்டும். ஒருவரை மட்டும் தனியாக உள்ளே இறக்கக் கூடாது. இரண்டு தொட்டிகளில் மூடி உடைந்திருக்கிறது, ஏணிக்குப் பூட்டு இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமைக்குப் பிறகும் ஒரு பூட்டு வாங்காமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது குழிக்குழாய்கள். மேட்டுத் தெருவில் சில வீடுகள் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகின்றன. கீழே அழுத்தம் இல்லாததால் தாழ்ந்த தெருக்காரர்கள் இரண்டு மூன்று அடி குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கித் தண்ணீர் பிடிக்கிறார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் சாக்கடைத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நிறுத்தியதும் மெயின் குழாய் காலியாகி உள்ளிழுக்கும்; திறந்திருக்கும் குழாய் வழியாகக் குழித் தண்ணீர் அப்படியே உள்ளே போய்விடும். அடுத்த நாள் முதல் இரண்டு குடம் கலங்கலாக, நாற்றத்தோடு வருவது இதனால்தான். தொட்டியில் எவ்வளவு சரியாகக் குளோரின் போட்டாலும் இந்த அழுக்குக்கு ஈடுகொடுக்காது. வால்வுத் தொட்டிகளிலும் இதே கதை. வால்வின் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்டு கசிந்து, கேட் வால்வு தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது.

இதைச் சரிசெய்வதில் வரிசை முக்கியம். மோட்டார்களைப் பறிமுதல் செய்வதை மட்டும் முதலில் செய்தால் ஒரு வாரத்தில் திரும்ப மாட்டிவிடுவார்கள். முதலில் மேட்டுத் தெரு வால்வைப் பாதியாக மூடி, தெருவாரியாக முறைவைத்துத் தண்ணீர் விட்டுக் கடைக்கோடிக்கு அழுத்தம் வரவைக்க வேண்டும். பிறகு குழாய்களைத் தரைக்கு மேல் இரண்டடி உயர்த்தி, குழிகளை மண்ணிட்டு மூட வேண்டும். அதன்பின் மோட்டார் வைப்போரின் இணைப்பைத் துண்டிக்கலாம். சாக்கடையைக் கடக்கும் இடங்களில் குழாயை மேலே தூக்கி, இரும்புக் குழாய்க்குள் செலுத்த வேண்டும்.

டெங்குவும் இதே தண்ணீரோடு கட்டுண்டதுதான். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் வீட்டுக்கு இரண்டு மூன்று ட்ரம், சிமெண்ட் தொட்டி. ஏடிஸ் கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில். முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. நீர்மட்டத்தின் ஓரத்தில் கருப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் வாரம் ஒருமுறை நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்து ட்ரம்மையும் குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டையும் பார்த்தால்தான் வேலை நடந்ததாகக் கொள்ள முடியும். தெருவில் புகை அடித்துப் போவதை மக்கள் விரும்புகிறார்கள் என்பது உண்மை. அந்தப் புகை பறக்கும் கொசுவை மட்டும் சிறிது நேரத்துக்குக் கொல்லும், புழுவைத் தொடாது; வீட்டுக்குள் துணிமணி மறைவில் இருக்கும் கொசுவுக்கும் போய்ச் சேராது. அந்தச் செலவைப் பணியாளர் கூலிக்குத் திருப்ப வேண்டுகிறோம். பஞ்சர் கடை டயர், பாதியில் நிற்கும் கட்டடம், பள்ளிக் கழிப்பறைத் தொட்டி ஆகியவற்றை ஊராட்சியே பார்க்க வேண்டும்.

நிதி இல்லை என்று சொல்லப்படுவதை ஏற்க இயலவில்லை. 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமே ஒதுக்கப்பட்டது. அதில் எங்கள் ஊராட்சிக்கு வந்தது எவ்வளவு, மீதம் எவ்வளவு என்பதைத் தெரிவிக்க வேண்டும். கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை வரும் நிதி, ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து கையெழுத்திடும் கணக்கில் உள்ளது. தலைவர் இல்லாத இந்தக் காலத்தில் அந்தக் கணக்கில் யார் கையெழுத்திடுவது என்பதை எழுத்தில் தெளிவுபடுத்தித் தர வேண்டும். பூட்டு, மக், சொட்டு மருந்து எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும்.

வெள்ளிதோறும் கடைக்குழாயில் சோதித்த அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதவும், அக்டோபர் 2 கிராம சபையில் அவற்றை வாசிக்கவும் ஊராட்சிச் செயலருக்கு உத்தரவிட வேண்டுகிறோம். சோதனை செய்ய ஒவ்வொரு தெருவிலும் இருவர் ஆயத்தமாக இருக்கிறோம். குளோரோஸ்கோப்பும் சொட்டு மருந்தும், கருப்பாக மாறினால் கிருமி உண்டு என்று காட்டும் பாக்டீரியா சோதனைக் குப்பிகள் மாதம் பத்தும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள், மகளிர் குழுவினர்
(கையொப்பப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது)

நகல்: வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவாரூர்.