வாசிகசாலை ஆண்டறிக்கை: பொம்பார்டியர் பெர்னாண்டோவும் ஒரு சீமெந்துப் பையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மார்கழியில் மட்டும் மழையால் ஒன்று நின்றுபோனது. கூரை ஒழுக்கு இன்னும் தீரவில்லை. பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில் வாளி வைத்துத்தான் சமாளிக்கிறோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச அறிக்கை ஆகஸ்ட் 5ஆம் திகதி நடந்த பெர்னாண்டோ நினைவுக் கூட்டத்தைப் பற்றியது. இன்றும் ஆட்கள் என்னைத் தெருவில் மறித்துக் கேட்பது அதைப் பற்றித்தான்.

திருகோணமலைக்காரருக்குக் கரையோரப் பீரங்கி புதினமில்லை. 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் குண்டு போட்ட கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். ஆனால் அடுத்த மாதமே, தென்கிழக்கே நடுக்கடலில், கொக்கோஸ் தீவுகளில் காவல் நின்ற இலங்கைப் படையினருக்கு என்ன நடந்தது என்று கேட்டால் அநேகருக்குத் தெரியாது. (கெட்டிக்காரப் பொடியனை 'எம்டன்' என்கிறோமே, சென்னையில் குண்டு போட்ட அந்த எம்டன் கப்பல் 1914இல் அடிபட்டுத் தரைதட்டியதும் அங்கேதான்.)

அன்று நினைவுகூரப்பட்டவர் சிலோன் கரிசன் ஆட்டிலறி என்ற இலங்கைப் பீரங்கிப் படையின் பொம்பார்டியர் (கோப்ரல் தரம்) கிரேஷியன் பெர்னாண்டோ. உரையாற்றியவர் எங்கள் மாஸ்டர். கொக்கோஸ் தீவுகளில் ஒன்றான ஹோர்ஸ்பேர்க்கில் இருந்த இரண்டு 6 அங்குலப் பீரங்கிகள்தான் பெர்னாண்டோவின் படைப்பிரிவின் பொறுப்பு. பகலும் இரவும் கடலைப் பார்த்திருப்பது, கப்பல் வந்தால் தூரம் கணித்துச் சுடுவது, இதுதான் வேலை. ஒரு குண்டு 100 இறாத்தல். மாஸ்டர் வாயால் சொல்லி விடவில்லை. கூரை வேலைக்கு வாங்கி வைத்திருந்த சீமெந்துப் பையைக் காட்டி, "இதைவிடக் கொஞ்சம்தான் குறைவு, யாராவது தூக்குங்கோ பாப்பம்" என்றார். ஒரு தம்பி நெஞ்சுவரை தூக்கி, நாலு அடி நடந்து, தொப்பென்று போட்டார். பையின் மூலை கிழிந்தது.

அப்புறம் அரசியல். சிங்கப்பூர் பெப்ரவரியில் விழுந்துவிட்டது. மார்ச்சில் கிறிஸ்மஸ் தீவில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள்; மாதம் முடியுமுன் யப்பான் அங்கே இறங்கியது. ஏகாதிபத்திய எதிர்ப்பில் ஊறியிருந்த பெர்னாண்டோ, மே 8 இரவு தோழர்களோடு எழுந்தார். கட்டளை அதிகாரி கப்டன் கார்டினரைப் பிடிப்பது, பீரங்கிகளை அதே தீவுக்கூட்டத்து டிரெக்ஷன் தீவிலிருந்த படையின் பக்கம் திருப்புவது, யப்பானுக்குச் செய்தி அனுப்புவது, இதுதான் திட்டம். பெர்னாண்டோவின் பிறென் இயந்திரத் துப்பாக்கி சுடாமல் இறுகிக்கொண்டது, திட்டமும் அதோடு சரி. இராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது, நால்வருக்குக் குறைக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்க மறுத்த பெர்னாண்டோ 1942 ஆகஸ்ட் 5இல் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே வாரத்தில் காலோ கவுடரும் பெனி டி சில்வாவும். இரண்டாம் உலகப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் இந்த மூவர் மட்டுமே என்று சொல்லப்படுகிறது. அந்தப் பீரங்கிகள் இன்றும் பற்றைக்குள் நிற்கின்றன.

உரை முடியச் சபை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம், அவர் வீரர், சிலையே வைக்கலாம் என்றது. மற்றப் பக்கம், போர்க்காலத்தில் யப்பான் கட்டாய வேலை வாங்கிப் போட்ட சயாம் ரயில் பாதையை எடுத்தது. மலாயாவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு அங்கே மடிந்த எங்கள் சனத்தைக் கேட்டுவிட்டு யப்பானை அழைக்கட்டும் என்றார் ஒரு ஐயா. என் சொந்த அபிப்பிராயம்: துணிவில் குறையில்லை, கூட்டாளியைத்தான் பிழையாகத் தெரிவுசெய்தார். செயலாளர் அபிப்பிராயம் சொல்லலாமா என்று யாப்பில் எதுவுமில்லை.

அந்த நேரம் பின்வரிசையிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, "அண்டைக்கு இரவு சுடுபட்டுச் செத்தவர் ஆர்?" என்று கேட்டாள். சபை அமைதியாகிவிட்டது. கலகத்தில் சேராமல் உயிர்விட்டவர், அதே படைப்பிரிவின் கன்னர் (பீரங்கிச் சிப்பாய்) சாமுவேல் ஜயசேகர. நோட்டீஸ் அடித்தவன் நான். பெர்னாண்டோவின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட எனக்கு, இவருடைய பெயர் நினைவுக்கே வரவில்லை. தவறு என்னுடையது. அன்றே கரும்பலகையில் அந்தப் பெயரையும் எழுதினோம். வரும் ஆண்டு நோட்டீஸில் இரண்டு பெயரும் ஒரே அளவில் வரவேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. சபையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

கிழிந்த சீமெந்துப் பை மாரி ஈரத்தில் கல்லாக இறுகிவிட்டது. கூரைக்கு வேறொன்று வாங்கவும் அனுமதி கோருகிறேன்.

இவ்வண்ணம்,
செயலாளர்