பொங்கல் விளையாட்டு நடத்தும் தம்பிகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள இளைஞர் மன்றத் தம்பிகளுக்கு,

மார்கழி பிறந்ததும் வசூல் நோட்டோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறீர்கள். முள் வெட்டி, மண் அடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, பொங்கல் முடியும்வரை தூக்கம் இல்லாமல் ஓடுகிறீர்கள். ஊரில் விளையாட்டு என்று ஒன்று மிச்சமிருப்பதே உங்களால்தான். அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்.

நீங்கள் அடிக்கும் நோட்டீஸை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆண்களுக்குக் கபடி, கைப்பந்து, மாரத்தான், வழுக்கு மரம். பெண்களுக்குக் கோலப்போட்டி, லெமன் ஸ்பூன், மியூசிகல் சேர். கோலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக் கபடி அணிக்கு ரெய்டு போகிற பிள்ளை, சொந்தத் தெருவில் வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறதே, அதைச் சொல்கிறேன். அவள் கபடி ஆடி அவளைப் பெற்றவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆசிய விளையாட்டில் 2010-லேயே பெண்கள் கபடி வந்துவிட்டது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்றபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடினோம். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஓர் ஆட்டம் வையுங்கள். தனி மைதானம் தேவையில்லை. பெண்களுக்கான களம் சிறியது, கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டால் போதும். ஆனால் பகலில் வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வைத்துவிட்டு, 'யாரும் பெயர் கொடுக்கவில்லை' என்றால் எப்படி? பக்கத்துப் பள்ளியின் கழிப்பறைச் சாவியையும் அன்றைக்குக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆண்களுக்கு ரொக்கமும் கோப்பையும், பெண்களுக்கு எவர்சில்வர் டப்பா என்ற பிரிவினையும் வேண்டாம்.

அப்புறம், மைக் பிடித்து ஸ்கோர் சொல்கிற நம் பையன். கால் சரியில்லை என்பதால் அந்த வேலையை அவனுக்கே ஒதுக்கிவிட்டோம். நன்றாகத்தான் சொல்கிறான். ஆடவும் ஆசையா என்று யார் கேட்டோம்? சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கில் உயரம் தாண்டியவர். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நம் மைதானத்திலும் முடியும். ஆடாத ஸ்டூல் ஒன்றைத் தரையோடு இறுக்கிக் கட்டினால் உட்கார்ந்தபடியே குண்டு எறியலாம். பார்வை இல்லாதவர் ஓட, சின்னக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூட ஓட ஒருவர் போதும். நன்றாக ஓடுகிற தம்பிகள் உங்களில் எத்தனையோ பேர்.

ஐம்பது தாண்டியவர்களுக்கு வேகநடை ஒன்று சேருங்கள். வாரம் 150 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரை மாத்திரை போடுகிற அப்பா அம்மாவுக்கு அது ஒரு தொடக்கமாக இருக்கும்.

நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் மகளிர் குழு அக்காக்களையும் அந்த மைக் தம்பியையும் உட்காரவைத்துப் பேசுங்கள். எது வேண்டும், எந்த நேரம் தோது என்று அவர்களே சொல்லட்டும். பெண்கள் கபடியின் முதல் பரிசுக் கோப்பை என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் ஊர் அக்கா ஒருத்தி