ஹெட்லைட்டுக்குப் பற்பசை போதும் என்று எழுதினீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பக்கத்தில், மங்கிப்போன ஹெட்லைட்டைப் பற்பசை போட்டுத் தேய்த்தாலே புதுசு போல ஆகிவிடும், இதற்காகப் பெயிண்டரிடம் போய்ப் பணத்தை இறைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் திருநெல்வேலியில் கார் பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவன். என் அப்பா காலத்திலிருந்து உங்கள் இதழ் எங்கள் பட்டறை பெஞ்சில் கிடக்கிறது. அப்படிப்பட்ட இதழில் இந்த வரியைப் படித்ததும் மனசு விட்டுப்போனது. அடுத்த சில நாளில் ஒரு வாடிக்கையாளர் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார். “இதுக்கா அண்ணாச்சி எங்கிட்ட ஆயிரத்து ஐநூறு வாங்குனீங்க?” என்று கேட்டார். பட்டறைப் பையன்கள் முன்னால் கேட்டார்.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. அம்பாசிடர், பத்மினி காலத்தில் ஹெட்லைட் முகப்பு அசல் கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் மஞ்சளடிக்காது. இப்போது வருவதெல்லாம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். எடை குறைவு, லேசில் உடையாது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரை அதனால் தாங்க முடியாது, கீறலும் சீக்கிரம் விழும். அதனால்தான் கம்பெனியிலேயே அதன்மேல் கெட்டியான ஒரு பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். வருஷக்கணக்கில் வெயிலில் நின்று அந்தப் பூச்சு செத்துப்போகும்போதுதான் ஹெட்லைட் மங்குகிறது. எங்கள் பக்கம் வெயிலோடு மணலும் சேர்ந்துகொள்ளும். திசையன்விளை, சாத்தான்குளம் தேரிக்காட்டுப் பக்கமிருந்து வரும் வண்டிகளையும், ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி வழியாகத் தினமும் ஓடும் வண்டிகளையும் கொண்டுவந்து காட்டுகிறேன். முகப்பில் நகத்தை ஓட்டினால் சொரசொரவென்று இருக்கும்.

பற்பசையில் இருப்பது நைஸான சிலிக்கா, சுண்ணாம்புப் பொடி. தேய்த்தால் மேலே உள்ள மஞ்சள் கொஞ்சம் போகும், அன்றைக்குப் பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூச்சு போன இடத்தில் புதுப் பூச்சை யார் கொடுப்பது? பற்பசை கொடுக்காது. நம்மூர் வெயிலில் சில மாதத்திலேயே மறுபடி மங்கிவிடும், அப்போது திட்டுத் திட்டாக மங்கும். அதையும் கடைசியில் எங்களிடம்தான் கொண்டு வருகிறார்கள்.

நாங்கள் வாங்கும் பணத்துக்கு என்ன வேலை நடக்கிறது என்று ஒரு நாள் உங்கள் நிருபரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, பெயிண்டில் கை படாதபடி சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுவோம். அப்புறம் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். நம்பர் ஏற ஏற நைஸாகும். எண்ணூறில் தொடங்கி ஆயிரம், ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது முதலில் மஞ்சள் பால் போல வழியும். அது வெள்ளையாக மாறும் வரைக்கும் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பாதியில் நிறுத்தினால் பூச்சின் விளிம்பு தீவு தீவாகத் தெரியும். ஒரு நம்பரை விட்டுத் தாவினால் முந்தைய பேப்பரின் கோடு ராத்திரி லைட் போட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். பாலிஷ் போடும் பஃபிங் மெஷினை ஒரே இடத்தில் வைத்தால் சூட்டில் பிளாஸ்டிக் கருகும். எல்லாம் முடிந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்த யூவி கிளியரை, அதாவது புற ஊதாக் கதிரைத் தாங்கும் நிறமில்லாத பூச்சை, மெல்லிசாக இரண்டு கோட் அடிப்போம். அந்தக் கிளியரின் புகை நெஞ்சுக்கு ஆகாது. மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அடிக்கிறோம். அந்தக் கடைசி இரண்டு கோட்டில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. உங்கள் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இது முதல் தடவை என்றால் பொறுத்துப் போயிருப்பேன். முன்பு ஒரு இதழில் கொசு விரட்டும் ஸ்பிரே அடித்துத் துடைக்கச் சொன்னீர்கள். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பாலிகார்பனேட்டின் மேல்தோலையே இளக்கிவிடும். துடைத்ததும் மினுங்கும், பிறகு பிசுபிசுத்துப் பழையபடி ஆகும். அந்தக் குறிப்பைப் பார்த்து ஸ்பிரே அடித்த ஒருவர், சரியாகவில்லை என்று அதன்மேல் பெயிண்டைக் கரைக்கும் தின்னரையும் ஊற்றித் துடைத்துவிட்டார். முகப்பு முழுக்க மயிரிழை விரிசல். அதை எந்தப் பேப்பர் போட்டும் எடுக்க முடியாது. அப்போதே உங்களுக்கு எழுதினேன். வெளியிடவில்லை, பதிலும் இல்லை.

கேள்வி பதில் பகுதியில் வெளிச்சம் குறைந்தால் அதிக வாட் பல்பு போடலாம் என்று வந்ததையும் மறக்கவில்லை. ஹை பீமுக்கு அறுபது, லோ பீமுக்கு ஐம்பத்தைந்து வாட் உள்ள பல்புக்கென்று செய்த ஹெட்லைட்டில் நூறு, தொண்ணூறு வாட்டை மாட்டினால் சூட்டில் உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் கறுக்கும், வயர் உருகும். அதைவிட முக்கியம், மங்கிய முகப்பின் வழியாகப் போகும் வெளிச்சம் ரோட்டில் விழாமல் சிதறி, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். நான்கு வழிச்சாலையில் ராத்திரி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டர்களும் சும்மா இல்லை. லேசாக மஞ்சளடித்தாலே செட்டோடு மாற்றுங்கள் என்கிறார்கள். சின்ன காருக்கே சில ஆயிரம் ரூபாய். எல்இடி வைத்த பெரிய வண்டிகளுக்கு அரை லட்சத்தைத் தாண்டுகிறது. டாக்சி ஓட்டிப் பிழைக்கிறவர் எங்கே போவார்? அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரி வந்ததில்லை. ஆயிரத்து ஐநூறு வாங்கும் பெயிண்டர்தான் பணம் பறிக்கிறவனாகத் தெரிந்திருக்கிறான்.

சபரிமலை சீசனுக்குச் செங்கோட்டை வழியாக வண்டி ஓட்டும் ஒரு டிரைவர் என்னிடம் வருவார். “கண்ணு போச்சு அண்ணாச்சி, புளியரை வளைவுல ரோட்டோரம் தெரியமாட்டேங்கு” என்றார். கண் ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பியவர் வழியில் டச்சப் வேலைக்காக என்னிடம் வண்டியை விட வந்திருந்தார். ஹெட்லைட் இரண்டும் பழுத்த பலாச்சுளை நிறத்தில் இருந்தன. சரிசெய்து கொடுத்த பிறகு அந்தப் பாதையில் போய்வந்து, ஓரத்து வெள்ளைக் கோடு தெரிகிறது என்று போன் செய்தார். அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் சோதித்துப் பார்த்தது. மங்கிய ஹெட்லைட், புதியது கொடுக்கும் வெளிச்சத்தில் 20 சதவீதம்தான் கொடுக்கிறது, சரிசெய்தால் 70 சதவீதம் அளவுக்கு மீட்கலாம் என்று சொன்னது. முழுசாக வேண்டுமென்றால் புதிதுதான் மாற்ற வேண்டும். நாங்களும் வாடிக்கையாளரிடம் அதை மறைப்பதில்லை. முகப்பின் உள்பக்கம் ஈரம் கோத்திருந்தாலோ, ரிஃப்ளெக்டர் போயிருந்தாலோ, பஸ் உரசி விரிசல் விட்டிருந்தாலோ தேய்த்துப் பயனில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புகிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழின் அதே பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். எதைப் போட்டுத் தேய்த்தாலும் மேலே யூவி கிளியர் கோட் இல்லாமல் விடக்கூடாது, கொசு ஸ்பிரேயும் தின்னரும் பெட்ரோலும் ஹெட்லைட் பக்கமே போகக்கூடாது என்ற இரண்டு விஷயம் அதில் இருந்தால் போதும். பெயிண்டரிடம் பணத்தை இறைக்க வேண்டாம் என்ற வரிக்கு வருத்தம் தெரிவிப்பதும் தெரிவிக்காததும் உங்கள் மனசைப் பொறுத்தது. இந்தக் கடிதத்தையாவது வெளியிட்டால் அந்த வாடிக்கையாளரிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
கார் பெயிண்டர்,
திருநெல்வேலி