சின்ன நகரத்தில் வீடு தேடும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரிய நகரத்தை விட்டுச் சின்ன நகரத்துக்குப் போவதென்று முடிவாகிவிட்டதில் எனக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலிக்குக் கூட்டமும் நெரிசலும் இல்லாத இடம் நல்லதுதான். நீ எழுதியிருக்கும் மூன்று ஏரியாக்களில் பைபாஸ் தாண்டி இருப்பதுதான் ஆகக் குறைந்த வாடகை, அதையே பேசி முடித்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு. வாடகை குறைந்த இடத்தில் மாதச் செலவும் குறைவாக இருக்கும் என்று எண்ணித்தான் சின்ன நகரங்களுக்குப் போகிற பலர் முதல் வருடத்திலேயே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஊர் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக நிலத்தின் மதிப்பு குறையும், போக்குவரத்துச் செலவு ஏறும். ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் வான் தூனன் 1826லேயே விளைநிலத்தை வைத்து இதைச் சொல்லிவிட்டார். நகரத் திட்ட அறிஞர் வில்லியம் அலோன்சோ 1964ல் அதையே நகரத்து மனைகளுக்குப் பொருத்திக் காட்டினார். பெரிய நகரத்தில் வாடகை வித்தியாசம் பெரிது. தள்ளிப் போனாலும் ரயிலோ அடிக்கடி பஸ்ஸோ இருக்கும். அதனால் தூரத்தில் குடியிருப்பது அங்கே கட்டுபடியாகும். சின்ன நகரத்தில் ஊரே ஐந்தாறு கிலோமீட்டர்தான். நடுவுக்கும் ஓரத்துக்கும் வாடகையில் கொஞ்சம்தான் வித்தியாசம் இருக்கும், ஆனால் ஓரத்துக்கு பஸ் அபூர்வம். அங்கே போனால் வீட்டுக்கு இரண்டாவது வண்டி தேவைப்பட்டுவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். உங்கள் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள். ஊருக்குள் வாடகை 28, போக்குவரத்து 7, ஆக 35. பைபாஸ் பக்கம் வாடகை 22. ஆனால் இரண்டாவது வண்டிக்குத் தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்ந்தால் போக்குவரத்து 15ஐத் தொடும், ஆக 37. வாடகையில் 6 மிச்சம் பிடித்து வண்டியில் 8 விடுகிறாய். இவை உதாரண எண்கள்தான். உன் எண்களை இதே போலப் போட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை தரக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளுக்காக வந்த விதி. 1969ல் 25 சதவீதம் என்று வைத்தார்கள், 1981ல் 30 ஆக்கினார்கள். அதில் போக்குவரத்து சேரவே இல்லை. சிகாகோவில் இதை ஆராய்கிற ஒரு மையம் வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறது. எனக்கு இந்த இரண்டாவது அளவுதான் சரியாகப் படுகிறது.

நேரத்தையும் விட்டுவிடாதே. ஒரு வழிக்கு 15 நிமிடம் கூடினால், போக வர 30 நிமிடம். மாதம் 25 நாளுக்கு 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். பாப்பாவுக்குப் பாடம் சொல்லித் தரும் நேரம் அதில்தான் போகும்.

இனி வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன். வரைபடத்தில் முதலில் நான்கு இடங்களைக் குறி: உன் ஆபீஸ், பாப்பாவின் பள்ளி, அம்மா மாதாமாதம் போக வேண்டிய ஆஸ்பத்திரி, அன்றாடச் சாமான் வாங்கும் சந்தை. வாரத்தில் எதற்கு எத்தனை தடவை போக வேண்டும் என்று பக்கத்தில் எழுது. பள்ளிக்கும் ஆபீஸுக்கும் ஐந்தாறு நாள், சந்தைக்கு மூன்று நாள், ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு நாள் என்று வந்தால், வீடு பள்ளிக்கும் ஆபீஸுக்கும் நடுவில் அமைய வேண்டும். ஆஸ்பத்திரி தூரமாக இருந்தாலும் பரவாயில்லை. வரைபடத்தில் கோடு போட்டுத் தூரம் அளப்பதில் பயனில்லை. ஆறு, ரயில் பாதை, நான்குவழிச் சாலை இவை மூன்றும் ஊரைத் துண்டு போடும். எதிரே தெரிகிற இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்ற வைக்கும். ரயில்வே கேட் இருந்தால் பள்ளி நேரத்தில் அது எத்தனை தடவை, எவ்வளவு நேரம் மூடுகிறது என்று ஒருநாள் அங்கேயே நின்று பார்த்துவிடு.

பஸ் விஷயத்தில் 'பஸ் வசதி உண்டு' என்ற பேச்சை நம்பாதே. முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா என்று நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் கேள். ஒரு நாளைக்கு நாலு நடை வருகிற இடத்தையும் பஸ் வசதி உள்ள ஏரியா என்றுதான் சொல்வார்கள். கடைசி பஸ்ஸை விட்டால் வாடகை வண்டிதான். ஊரோரம் போகும் டிரைவர் திரும்பிக் காலியாக வர வேண்டுமே என்று அதற்கும் சேர்த்துக் கேட்பார்.

வாடகை நிலவரத்தை இணையத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. சின்ன நகரங்களில் நியாயமான வாடகை வீடுகள் விளம்பரத்துக்கே வராது. காலி செய்கிறவரே தெரிந்தவருக்குச் சொல்லிவிடுவார், இல்லையென்றால் வாசலில் ஒரு அட்டை தொங்கும், ஒரு வாரத்தில் ஆள் வந்துவிடும். விளம்பரத்தில் தங்கியிருப்பது புதுக் கட்டடங்களும், வெளியூர்க்காரருக்கென்று ஏற்றிச் சொல்லும் வீடுகளும், யாரும் போகாத வீடுகளும்தான். இரண்டு நாள் தெருத்தெருவாக நடந்தால் ஒரு மாத இணையத் தேடலை விட அதிகம் கிடைக்கும். கல்லூரி இருக்கும் பக்கமென்றால் படிப்பு தொடங்கும் மாதங்களில் வாடகை ஏறியிருக்கும். அந்த நேரத்தில் பேசாதே.

வீடு பார்க்கப் போகும்போது முதலில் தண்ணீர். 'தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை' என்றால், எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எத்தனை மணி நேரம், தொட்டி எத்தனை லிட்டர் என்று நான்கு கேள்வி கேள். ஓர் ஆளுக்கு அடிப்படைத் தேவைக்கே நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது ஐ.நா. சொல்லும் அளவு. நீங்கள் நாலு பேர், 400 லிட்டர் என்று வை. இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தால் 800, ஒருநாள் தள்ளிப்போனால் 1200. ஐந்நூறு லிட்டர் தொட்டி வைத்த வீட்டில் மிச்சத்தை விலைக்குத்தான் வாங்க வேண்டும், அந்தச் செலவு வாடகையில் தெரியாது. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயின் வாயைப் பார். வெள்ளையாக மாவு படிந்தாற்போல் இருந்து, நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தால் அது உப்புகள் அதிகமுள்ள கடின நீர். ஷவரில் பாதி துளை அடைத்திருக்கும், வாளியின் உள்பக்கம் வளையம் வளையமாகத் தெரியும். வெந்நீர் ஹீட்டர் சீக்கிரம் போகும், சோப்பு நுரைக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்க ருசியாக இருக்கும், 1000ஐத் தாண்டினால் ஏற ஏற ருசி கெட்டுக்கொண்டே போகும். ஆனால் அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது. குறைந்த எண் வந்துவிட்டதால் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிடாதே. குடிக்கிற தண்ணீரை ஒரு தடவை பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்.

அடுத்தது மழை. வாடகை மலிவாக இருக்கும் ஏரியாக்களில் பல தாழ்வான இடங்கள். மலிவுக்குக் காரணமே அதுதான். நீ போவது வெயில் காலமாக இருந்தால் தெருவே பளிச்சென்று இருக்கும். அதனால் சுவரைப் படி. ஒரே ஒரு சுவரில் மட்டும் காரை பெயர்ந்து உப்புப் பூத்திருந்தால் அது ஓதமோ குழாய்க் கசிவோதான். தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு இருந்தால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. மின்சார மீட்டரை ஆள் உயரத்துக்கு மேலே மாற்றிப் பொருத்தியிருக்கிறார்களா, வாசற்படியில் புதிதாக ஒரு தடுப்புக் கட்டியிருக்கிறார்களா, புது வீடுகள் எல்லாம் பழைய வீடுகளை விட மூன்று நாலு படி உயரமாக எழும்பியிருக்கின்றனவா என்று பார். சாலையை மேலே மேலே போட்டுப் பழைய வீடு பள்ளத்தில் இறங்கிப் போயிருந்தால், மழை பெய்கிற அன்று தெருத் தண்ணீர் முழுக்க உள்ளேதான் வரும். அம்மாவுக்காகத் தரைத்தள வீடு தேடுகிறாய், ஆகையால் இதில் அலட்சியம் வேண்டாம்.

ஒரே ஏரியாவுக்குக் காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, விடுமுறை நாளில் ஒரு தடவை என்று மூன்று முறையாவது போ. இரவில் தரை குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கிவிடும். குப்பைக் கிடங்கின் புகையும் சாக்கடை நாற்றமும் அந்தக் காற்றோடு தங்கிவிடுவதால் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெரியாதது இரவு பத்து மணிக்குத் தெரியும். தெருவிளக்கு எரிகிறதா, ஒன்பது மணிக்கும் ஒரு மருந்துக் கடையாவது திறந்திருக்கிறதா, பாப்பா ட்யூஷன் முடிந்து நடந்து வரக்கூடிய தெருவா என்பதும் அப்போதுதான் புரியும். போன் சிக்னலை வாசலில் நின்று பார்க்காதே. பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார். பக்கத்தில் காலி மனை இருந்தால் அது குடியிருப்புப் பகுதியாகப் பதிவானதா, தொழிற்பகுதியா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடு. நாளைக்கு அங்கே ஒரு பட்டறை வந்தால் சன்னலைத் திறக்க முடியாது.

விசாரிக்கும்போது ஒன்றை மனதில் வை. 'அது மோசமான ஏரியா' என்று யாராவது சொன்னால், என்ன நடந்தது, எப்போது, எந்தத் தெருவில் என்று கேள். பதில் இல்லையென்றால் அங்கே ஏழைகளோ அவருக்குப் பிடிக்காதவர்களோ குடியிருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் பொருள். அப்படிப் பெயர் வாங்கிய பழைய தெருக்கள் சிலவற்றில்தான் பள்ளி, சந்தை, பஸ் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கும், வாடகையும் தாங்கும். அந்த மனிதர்களைப் பற்றி முன்கூட்டியே ஒரு முடிவோடு போவது தவறு, உனக்கும் நஷ்டம். புரோக்கரை விடப் பேப்பர் போடுபவர், கூரியர் கொண்டுவருபவர், தெருமுனைக் கடைக்காரர் இவர்களுக்கு அதிகம் தெரியும். எந்த வீட்டில் வருடத்துக்கு இரண்டு குடித்தனம் மாறுகிறது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். போன தடவை இருந்தவர் ஏன் காலி செய்தார் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதை விடப் பக்கத்து வீட்டில் கேள்.

வீடு பிடித்துப்போனாலும் ஆறு மாதத்துக்கு மேல் உன்னைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் வேண்டாம். காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, வாடகை எப்போது எவ்வளவு ஏறும், தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் தனிக் காசா, அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், மீதியை எத்தனை நாளில் தருவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சாவி வாங்கும் அன்றே மின்சார மீட்டரையும் ஒவ்வொரு அறைச் சுவரையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடு. முடிந்தால் பெரிய சாமான்களை இப்போதிருக்கும் நகரத்திலேயே விட்டுவிட்டு முதல் இரண்டு மூன்று மாதம் சின்ன வீட்டில் இருந்து பார்ப்பது நல்லது. சொந்த வீடு வாங்கும் பேச்சைப் புது ஊரில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இருந்து பார்த்த பிறகு எடு.

செலவுப் பட்டியலில் இன்னொன்றையும் சேர். போனும் வண்டியும் சின்ன நகரம் என்பதற்காகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதில்லை. அம்மாவுக்குச் சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் பழைய நகரத்துக்கே வர வேண்டியிருக்கும். வருடத்துக்கு எத்தனை தடவை அப்படி வருவீர்கள் என்று எண்ணி, அந்தப் பயணச் செலவை 12ஆல் வகுத்து மாதக் கணக்கில் ஏற்று.

அந்த மூன்று ஏரியாவுக்கும் பள்ளியிலிருந்தும் ஆபீஸிலிருந்தும் எத்தனை நிமிடம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, தொட்டி எத்தனை லிட்டர் என்பதை ஒரு தாளில் எழுதி அனுப்பு. வாடகையையும் சேர்த்து நாம் இருவருமாகக் கணக்குப் போட்டுவிடலாம். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். பாப்பாவுக்கு என் அன்பு.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்